தோப்பு சாய்ந்த கவலை உடம்பில் இறங்குமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பேராவூரணிப் பக்கம் கிராமம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்ததில் அப்பாவின் 140 தென்னையில் 11 மட்டும் நின்றன. மறுவருஷம் அவருக்கு சுகர் என்றார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து முதுகில் அக்கி. இப்போது மட்டை குத்திய பாதத்தில் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. "கவலை எதிர்ப்பு சக்தியை அரிச்சுடுச்சு" என்று மாமா சொல்லி, மாதம் 1,800 ரூபாய்க்கு ஒரு பொடி வாங்கச் சொல்கிறார். பார்க்கிற டாக்டரோ, மனசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் வேறொன்றும் இருக்கிறது: "அன்றைக்கே அப்பாவைத் திருப்பூருக்குக் கூட்டி வந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காதோ?" உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். சுகர் உள்ளவருக்குப் பாதத்தில் இரண்டு மாதம் ஆறாத புண் என்றால், காரணம் கவலையா வேறா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். புண்ணைச் சுற்றிக் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, வீக்கமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். அதுவரை செருப்பில்லாமல் வரப்பில் நடக்க விடாதீர்கள், புண்ணில் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க விடாதீர்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

நான் பொது மருத்துவம் படித்தவன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நாகை, திருவாரூர் பக்கத்து ஊர்களில் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். நோய் எதிர்ப்பியல் நிபுணனோ மனநல மருத்துவனோ இல்லை. ஆனால் சுனாமி, 2016-ல் பொய்த்த பருவமழை, கஜா என்று இந்த மண்ணில் அடுத்தடுத்து விழுந்த அடிகளுக்குப் பிறகு உடம்பு என்ன ஆகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்திலும், படித்து வைத்ததிலும் இருந்து சொல்கிறேன்.

மாமாவும் டாக்டரும் ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள். மனவேதனை உடம்பில் இறங்குவது உண்மை. அது வெறும் பேச்சில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது இறங்கும் விதம் மாமா நினைப்பது மாதிரி, ஒரு தொட்டியிலிருந்து எதிர்ப்பு சக்தி என்ற தண்ணீர் வடிந்துபோவது மாதிரி, இல்லை.

இராத்திரி மோட்டார் போடப் போகிறீர்கள், காலடியில் பாம்பு. அந்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஈரலிலிருந்து சர்க்கரை இரத்தத்தில் இறங்குகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அப்போது எதிர்ப்பு அணுக்கள் குறைவதில்லை. காயம் படப்போகிறது என்று தயாராவதுபோல அவை இரத்தத்தில் அதிகமாகின்றன. 2004-ல் செகர்ஸ்ட்ராம், மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த சுமார் 300 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சில நிமிஷம் நீடிக்கும் பதற்றம் முதல்கட்டப் பாதுகாப்பைத் தூக்கிவிடுகிறது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீளும் நெருக்கடிதான் எதிர்ப்பின் எல்லாப் பிரிவுகளையும் தளர்த்துகிறது. இதுதான் அவர்கள் கண்டது. ஆக, பாம்பைப் பார்த்த பயம் வேறு, சாய்ந்த தோப்பைத் தினமும் காலையில் கதவைத் திறந்து பார்ப்பது வேறு.

கார்ட்டிசோல் ஒரு ஸ்டீராய்டு. மூட்டு வீக்கத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் நாங்கள் எழுதும் பிரட்னிசோலோன் மாத்திரைக்கு அது அண்ணன் தம்பி முறை. கொஞ்ச நேரம் சுரந்தால் அழற்சியை, அதாவது உடம்புக்குள் மூளும் வீக்கத்தையும் வெப்பத்தையும், அடக்கும். ஆனால் நாள்கணக்கில் சுரந்துகொண்டே இருந்தால் எதிர்ப்பு அணுக்கள் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிடுகின்றன. மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று செய்தி வரும், நம் கடைமடையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், அது மாதிரி. இரத்தத்தில் கார்ட்டிசோல் இருக்கிறது, அணுவுக்குள் அதன் உத்தரவு போய்ச் சேரவில்லை. விளைவு, ஒரு பக்கம் வைரஸைத் தடுக்கும் திறன் மட்டுப்படுகிறது, இன்னொரு பக்கம் அடங்க வேண்டிய அழற்சி அடங்காமல் தணலாகக் கிடக்கிறது. ஒரே உடம்பில் ஒன்று குறைகிறது, ஒன்று கூடுகிறது. "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி இதுதான்: எதைக் கூட்டும்? அழற்சி கூடினால் அது நோய்.

அளந்து பார்த்தார்கள் என்றேன் அல்லவா? ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இங்கிலாந்தில் செய்த ஆய்வு 1991-ல் வெளிவந்தது. ஆரோக்கியமான 394 பேரிடம் அவர்களுடைய வாழ்க்கையில் என்ன நெருக்கடி என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மூக்கில் சளி வைரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். நெருக்கடி மிகக் குறைவாக இருந்தவர்களில் 100-க்கு 27 பேருக்குச் சளி பிடித்தது, மிக அதிகமாக இருந்தவர்களில் 47 பேருக்கு. பிறகு செய்த ஆய்வில், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலையின்மை, குடும்பத்துக்குள் தீராத சண்டை போன்றவைதான் ஆபத்தைக் கூட்டின என்று தெரிந்தது. 47 பேருக்கு வந்தது என்றால் 53 பேருக்கு வரவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். கவலை நோயின் பக்கம் தராசைச் சாய்க்கும், அவ்வளவுதான். கவலைப்பட்ட எல்லோரையும் அது படுக்கவைப்பதில்லை.

உங்கள் அப்பாவின் புண்ணுக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்காவின் ஓஹியோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் கணவர் ரொனால்ட் கிளேசரும் செய்தது. மறதிநோய் வந்த உறவினரை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் 13 பேர், அதே வயதில் அந்தச் சுமை இல்லாதவர்கள் 13 பேர். எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம் உண்டாக்கி, எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாள், சுமை சுமந்தவர்களுக்கு 49 நாள். 1995-ல் வெளிவந்தது. பிறகு பல் மருத்துவ மாணவர்களுக்கு விடுமுறையில் ஒரு முறையும் பரீட்சை சமயத்தில் ஒரு முறையும் மேலண்ணத்தில் காயம் வைத்துப் பார்த்தார்கள். பரீட்சைக் காயம் மூன்று நாள் பிந்தித்தான் ஆறியது. இரண்டும் சின்ன ஆய்வுகள். ஆனால் இந்த விஷயத்தில் பிறகு வந்தவையும் பெரும்பாலும் அதே பக்கம்தான் காட்டின. அதனால் மனச்சுமை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்று நான் தைரியமாகவே சொல்வேன். எவ்வளவு தாமதம் என்பதைக் கவனியுங்கள். 39 நாள் 49 நாளானது. இரண்டு மாதமாக ஆறாமல், ஆறும் அறிகுறியும் காட்டாமல் நிற்கும் பாதப்புண்ணைக் கவலை மட்டும் உண்டாக்கிவிடாது. அங்கே சர்க்கரை இருக்கிறது, மரத்துப்போன நரம்பு இருக்கலாம், அடைத்த இரத்தக்குழாய் இருக்கலாம், எலும்புவரை போன கிருமி இருக்கலாம். எல்லாவற்றையும் பரிசோதித்துப் பார்க்க முடியும்.

மனமும் இதயமும் பற்றிச் சந்தேகமே இல்லை. 1994 ஜனவரி 17 விடியற்காலை லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நில நடுக்கம் வந்தது. அந்த வட்டாரத்தில் திடீர் மாரடைப்புச் சாவு ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்துக்கும் குறைவு, அன்று ஒரே நாளில் 24. இடிபாட்டில் சிக்கியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. வாழ்க்கைத் துணை போன்ற முக்கியமான ஒருவர் இறந்த செய்தி வந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் பல மடங்கு கூடுகிறது என்றும் ஆய்வு இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் விவரித்த டாக்கோட்சுபோ என்ற நிலையில், இதயக் குழாயில் பெரிய அடைப்பு எதுவும் இல்லாமலே இதயத்தின் கீழ்ப்பகுதி திடீரென்று உப்பிச் செயலற்றுப் போகிறது. ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரை அதற்கு வைத்தார்கள், அந்த வடிவத்தில் இதயம் உப்புவதால். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, பெரும் துக்கத்தை அடுத்து வரும். அநேகமாகப் பிழைத்துக்கொள்வார்கள், ஆனால் ஆரம்ப நாட்களில் ஆபத்தானது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த சில மாதங்களில் டெல்டாவில் கருகிய வயலைப் பார்த்து விவசாயிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள் என்று பேப்பரில் வரிசையாகப் படித்தோமே. "அதிர்ச்சியில் சாவா, அதெப்படி?" என்று அப்போது சிலர் கேட்டார்கள். மருத்துவத்தில் அதற்கு இடம் இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. துக்க வீட்டில் யாராவது நெஞ்சை அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் "அழுகையில் அப்படித்தான்" என்று தண்ணீர் தெளித்து உட்காரவைக்காமல் ஈசிஜி எடுக்கக் கூட்டிப் போகச் சொல்வது இதனால்தான்.

இனி எனக்கே நிச்சயம் குறைவாக இருக்கும் இடங்கள். மூட்டுவாதம், சோரியாசிஸ் போன்ற, உடம்பு தன்னையே தாக்கும் நோய்களை மனக்காயம் உண்டாக்குமா? சுவீடனில் 2018-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று. மனக்காயத்தால் வந்த கோளாறு என்று பதிவான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஆயிரம் பேரை ஒரு வருஷம் பார்த்தால் அவர்களில் 9 பேருக்கு இந்த வகை நோய் வந்தது, மற்றவர்களில் 6 பேருக்கு. வித்தியாசம் இருக்கிறது, சிறியது. புகை, தூக்கமின்மை போன்றவை அதில் எவ்வளவு பங்கு என்று முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அக்கி விஷயத்திலும் அப்படித்தான். சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்பு முடிச்சில் தூங்கிக்கொண்டிருந்து, எதிர்ப்பு தளரும்போது எழுகிறது. விண்வெளிக்குப் போய்வந்த வீரர்களின் எச்சிலில் அந்த வைரஸ் மறுபடி தலைகாட்டியதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதனால் நெருக்கடி அதை எழுப்பும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் ஐம்பது தாண்டிய வயதும் சுகரும் அதைவிடப் பெரிய காரணங்கள். புற்றுநோய் என்றால் கையை விரித்தே சொல்கிறேன்: வேலை நெருக்கடியும் புற்றுநோயும் பற்றி ஐரோப்பாவில் 1,16,000 பேரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. "கவலைப்பட்டே புற்றுநோயை வரவழைச்சுக்கிட்டா" என்று எந்த வீட்டிலும் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே வலியில் கிடப்பவர் மேல் பழியையும் ஏற்றுகிற பேச்சு அது.

மருத்துவர்களாகிய நாங்களே இதில் ஒரு முறை நன்றாகத் தவறியிருக்கிறோம். குடற்புண் கவலையாலும் காரத்தாலும் வருகிறது என்று பல பத்தாண்டுகள் நம்பினோம், "டென்ஷன் ஆகாதீங்க, பால் குடிங்க" என்று அனுப்பினோம். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் அது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியால் வருவது என்று காட்டினார்கள். மற்றவர்கள் நம்ப மறுத்ததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். 2005-ல் நோபல் பரிசு வந்தது. கவலைதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்த அத்தனை காலமும் கிருமியைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

என் கையாலும் இது நடந்திருக்கிறது. 2006. நாகைக்குத் தெற்கே தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பு. சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா. சாப்பிட முடியவில்லை, உடம்பு இளைக்கிறது, சாயங்காலமானால் மேலெல்லாம் காய்கிறது என்றார். பேசும்போது பார்வை என்மேல் இல்லை, கையில் ஒரு சின்ன ரப்பர் வளையலை உருட்டிக்கொண்டே இருந்தார். நான் அந்த வளையலைப் பார்த்தேன், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பைச் சரியாக வைக்கவில்லை. துக்கம் என்று எழுதி, தூங்குவதற்கும் பசிக்கும் மாத்திரை கொடுத்தேன். இரண்டரை மாதம் அப்படியே போனது. இருமலில் ரத்தம் வந்தபிறகு சளி எடுத்தால் காசநோய். அவரோடு அதே ஷெட்டில் படுத்துக்கொண்டிருந்த மாமியாருக்கும் இருந்தது. அந்த அம்மாவின் துக்கம் பொய்யா? இல்லை. துக்கத்தால் சாப்பாடு குறைந்தது, சாப்பாடு குறைந்து, நெருக்கியடித்த ஷெட்டில் இருந்து, காசநோய் பிடித்துக்கொண்டது. துக்கம் உடம்பில் இறங்கியது அந்த வழியில். நான் துக்கத்தைக் கண்டதும் தேடுவதை நிறுத்தினேன். ஆறு மாத மருந்தில் அவர் தேறினார். அன்றிலிருந்து "மனசு" என்ற சொல்லைப் பரிசோதனைகள் முடிந்தபிறகு கடைசி வரியில்தான் எழுதுகிறேன்.

மனம் உடம்பைத் தொடுவதில் பெரும்பங்கு இந்த மாதிரி சுற்று வழியில்தான் நடக்கிறது என்பது என் அனுபவம். ஹார்மோன் வழியைப் பற்றிப் பேசுவது சுவாரசியமாக இருக்கும். ஆனால் கஜாவுக்கு அடுத்த வாரங்களில் நான் கண்டது என்ன? கரண்ட் இல்லை, பல கிராமங்களில் வாரக்கணக்கில் இல்லை. ஒரு வீட்டில் மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதன்மேல் சின்னக் கிண்ணத்தில் இன்சுலின் பாட்டிலை வைத்து, நனைத்த துணியால் மூடி வைத்திருந்தார்கள். நல்ல யோசனை, நானே மெச்சினேன். ஆனால் பாட்டில் சீல் உடையாமல் இருந்தது. "போட்டுக்கலையா?" என்றால், அந்தப் பெரியவர் சாய்ந்து கிடந்த மரங்களைக் கையால் காட்டி, "தென்னம்பிள்ளையே போயிடுச்சு, எனக்கு எதுக்கு ஊசி?" என்றார். அவருடைய சர்க்கரை ஏறியதில் கார்ட்டிசோல் பங்கு கொஞ்சம் இருக்கும், போடாத ஊசியின் பங்கு அதைவிடப் பெரியது. மாத்திரை நிற்பது, தூக்கம் கெடுவது, சாயங்காலம் கடைக்குப் போகும் பழக்கம் கூடுவது, தோப்புக்குப் போக மனசில்லாமல் நாள் முழுக்கத் திண்ணையில் உட்காருவது. இந்தத் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பு சொன்னது மாதிரியே மூக்கில் வைரஸ் விட்டுப் பார்த்த இன்னொரு ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் சொல்வது, அதனால் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். சுகர்: தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. ஐம்பத்தேழு வயதில், நீங்கள் எழுதியபடி அத்தைக்கும் சுகர் இருக்கும் குடும்பத்தில், அது வரும் பாதையில்தான் இருந்திருக்கும். கஜா அதைச் சில வருஷம் முன்னால் இழுத்து வந்திருக்கலாம், அல்லது இருந்ததை வெளியே காட்டியிருக்கலாம். அக்கி: வயதும் சுகரும் போதுமான காரணம், மனச்சுமை கூடவே தள்ளியிருக்கலாம். குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை, அங்கே போகிறவர்களுக்கு ஒரு ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும் மருந்து அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், வீட்டில் வேறு யாருக்காவது வந்தால் நினைவில் வையுங்கள். பொடியை நிறுத்துங்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்து, சர்க்கரை 400-ஐத் தாண்டி என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஆனால் ரொம்ப நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள், ஸ்டீராய்டைத் திடீரென்று விடுவதும் ஆபத்து.

சரி, திருப்பூருக்குக் கூட்டிப் போயிருந்தால்? நான் இதை யோசிக்காமல் சொல்லவில்லை: இந்த நோய்கள் வராமல் இருந்திருக்கும் என்று சொல்ல மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. நாற்பது வருஷம் விடியும் முன் தோப்புக்குப் போன மனிதரை மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் உட்காரவைப்பதும் ஒரு இழப்புதான். தனிமை உடம்பில் செய்யும் கெடுதலுக்கு மனச்சுமைக்கு இருக்கும் அளவுக்கே ஆதாரம் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் பணம் அனுப்பினீர்கள், வாரம் தவறாமல் பேசினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சுகர் வந்தது உங்களால் இல்லை.

இப்போது மனசுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு, செய்யக்கூடாததிலிருந்து தொடங்குகிறேன். உட்காரவைத்து "எல்லாத்தையும் சொல்லுங்கப்பா, அழுதுடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். சுனாமி முகாம்களில் நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அலையை வரையச் சொன்னார்கள், அடுத்த வாரம் வேறொரு குழு வந்து மறுபடி வரையச் சொன்னது. பேரிடர் முடிந்த கையோடு நடந்ததை ஒரே அமர்வில் கிளறி எடுப்பது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டியதால் உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. அவராகப் பேசினால் கேளுங்கள், கேட்கும்போது ஆறுதல் வசனம் வேண்டாம். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்து மறுபடி தூக்கம் வராமல் கிடப்பது, "நான் இருந்து என்ன" என்று சொல்வது, இவை இருந்தால் அது மனச்சோர்வு நோய், மருந்தும் பேச்சு சிகிச்சையும் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையில் தமிழில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. "நான் இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால் தள்ளிப்போடாமல் அன்றே பேசுங்கள். வயலில் அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல் அப்புறப்படுத்துங்கள், இதை எங்கள் பக்கம் எல்லா வீட்டுக்கும் சொல்கிறேன்.

மனசுக்குச் சிகிச்சை செய்தால் எதிர்ப்பும் தேறுமா என்று கேட்டிருந்தீர்கள். 56 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வந்த கட்டுரை ஒன்று, பேச்சு சிகிச்சைக்குப் பிறகு இரத்தத்தில் எதிர்ப்பு அளவுகள் நல்ல பக்கம் நகர்வதாகவும், குறைந்தது ஆறு மாதம் அது நிலைப்பதாகவும் காட்டியது. இரத்த அளவு மாறுவதும் நோய் குறைவதும் ஒன்றில்லை, அதனால் இதை வைத்துப் புண் ஆறிவிடும் என்று சொல்ல மாட்டேன். தூக்கம் திரும்பும், மாத்திரை ஒழுங்காக இறங்கும், நடை கூடும். அந்தச் சுற்று வழியில் சர்க்கரை இறங்கி, புண்ணும் ஆற வழி கிடைக்கும் என்பதை என் நோயாளிகளிடம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூன்று மாதச் சராசரி சர்க்கரை காட்டும் ஹெச்பிஏ1சி, பாதத்துக்கு எக்ஸ்ரே, கால் இரத்தக்குழாய்க்கு டாப்ளர், நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பது, கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், இவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சொந்த ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம், அலைச்சல் குறையும். அப்புறம், இன்று இரவு போன் பேசும்போது "மாத்திரை போட்டீங்களா" என்று ஆரம்பிக்காமல், நின்ற அந்தப் பதினோரு மரத்திலும் இப்போது காய்ப்பு எப்படி என்று கேளுங்கள். அவர் பேசி முடித்ததும் இராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று கேளுங்கள். அந்த நேரத்தையும் ஹெச்பிஏ1சி எண்ணையும் இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.